மூடுபனிக்கு நடுவே ஒரு வறண்ட பெட்டி

22ஆம் நாள் காலை. கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத பனிமூட்டம். அறை மூலையில் இன்குபேட்டர் பெட்டி. அதற்குள் பன்னிரண்டு முட்டைகள் வைத்ததில் இரண்டே குஞ்சுகள் வெளியே வந்திருக்கின்றன. ஒன்று நிற்க முடியாமல் தள்ளாடுகிறது. மீதிப் பத்தும் வைத்தபடியே கிடக்கின்றன. பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் செய்தாயிற்று. 37.5 டிகிரி என்றார்கள், வைத்தோம். தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம். நாள் தவறாமல் திருப்பினோம். பிறகு ஏன் இப்படி?

முதல்முறையாகக் குஞ்சு பொரிக்கப் பார்க்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. "முட்டையே கூமுட்டை" என்று சொல்லி, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். எதனால் தவறியது என்பதற்கான சாட்சியமும் அந்தக் குழியிலேயே போய்விடுகிறது. கரு எந்த நாளில் நின்றது, எந்தக் குறையால் நின்றது என்ற இரண்டையும் பொரிக்காத முட்டை தன் ஓட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். கேமரன் மலை போன்ற உயரமான ஊர்களில், அதோடு மலைக் காற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாளில் அச்சிட்ட எண்கள் எல்லாம் சமவெளிக் காற்றுக்கு எழுதப்பட்டவை.

21 நாள் கணக்கு

சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டையில், அது வெளியே விழும் நேரத்திலேயே ஏறக்குறைய ஒரு நாள் வளர்ச்சி முடிந்திருக்கும். மஞ்சள் கருவின் மேல் வெண்புள்ளியாகத் தெரிவதில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிடும். சுமார் 21 டிகிரிக்குக் கீழே கரு உறங்கும், சாகாது. கோழி ஒரு வாரம் பத்து நாள் முட்டையிட்டுச் சேர்த்துவைத்து, பிறகு ஒரே நாளில் அடையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொரிக்க முடிவது இந்த உறக்கத்தால்தான்.

சூடு கிடைத்ததும் கரு விழிக்கிறது. இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்தவர். மூன்று நாள் கழிந்த முட்டையில் ஒரு துளி ரத்தம் போன்ற இதயம் துடித்து அசைவதை அவர் எழுதிவைத்திருக்கிறார். நான்காம் நாள் ரத்தக்குழாய்கள் வலைபோலப் பரவும். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்களாக ரத்தக்குழாய்களும் தெரியும். பன்னிரண்டாம் நாளுக்குள் ஓட்டின் உட்புறம் முழுவதையும் ஒரு மெல்லிய ரத்தச் சவ்வு மூடிவிடும். அதுதான் கருவின் நுரையீரல். ஓட்டிலுள்ள சுமார் பத்தாயிரம் நுண்துளைகள் வழியே உயிர்க்காற்று உள்ளே வருவதும், கரிக்காற்றும் நீராவியும் வெளியே போவதும் அந்தச் சவ்வின் மூலமாகத்தான்.

பதினெட்டாம் நாளில் குஞ்சு முட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். மழுங்கிய முனையில் உள்ள காற்றறையைப் பத்தொன்பது, இருபதாம் நாளில் அலகால் குத்தி, முதல்முறையாக நுரையீரலால் மூச்சு விடும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு ஓட்டில் கீறல் விழும். 21ஆம் நாள் குஞ்சு வெளியே வரும்.

இந்தப் பயணத்தில் இரண்டு கண்டங்கள் உண்டு. முதல் வாரத்தில் இதயமும் ரத்தக்குழாய்களும் உருவாகும் காலம் ஒன்று. சவ்வு மூச்சிலிருந்து நுரையீரல் மூச்சுக்கு மாறும் கடைசி மூன்று நாள் இன்னொன்று. கருக்கள் அதிகம் சாவது இந்த இரண்டு வேளைகளில்தான். பெரிய பொரிப்பகங்களில்கூட இந்த இரண்டு மேடுகளும் கணக்கில் தெரியும்.

உடைத்துப் பார்த்தால் தெரியும்

பொரிக்காத முட்டைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அழுகிய முட்டை வெடிக்கக்கூடும் என்பதால் ஒரு துணியால் மூடிக்கொண்டு, மழுங்கிய முனையில் மெதுவாக உடையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். பார்ப்பது பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, வெளிச்சத்தில் வைத்தாலும் தெளிவாகவே தெரிந்த முட்டை. உடைத்தால் மஞ்சள் கருவின் மேல் ஒழுங்கில்லாத சிறு வெண்புள்ளி மட்டும் இருக்கும். இது கருக்கூடாத முட்டை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது இருந்ததா, சேவல் வயதானதா என்று பார்க்க வேண்டிய இடம் இது. இன்குபேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெண்புள்ளியைச் சுற்றி வளையம்போல வெளிறிய வட்டம் விரிந்திருந்தால், கரு கூடி, முதல் ஓரிரு நாளில் இறந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். உடைத்தால்தான் வேறுபாடு புரியும்.

இரண்டாம் வகை, ரத்த வளையம். கரு இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இறந்தால் ரத்தம் விளிம்புக்குப் பின்வாங்கி வட்டமாக உறையும். முட்டை நீண்ட நாள் பழையதாக இருந்ததா, தொடக்க நாளில் சூடு எகிறியதா, முட்டை வழியில் குலுங்கியதா என்று கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டையில் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையிலோ, ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் சாலையிலோ, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு மேலே வந்த முட்டைகளில் காற்றறை இடம் பெயர்ந்திருக்கலாம். அவற்றை மழுங்கிய முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைத்துவிட்டு, அதன் பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும்.

மூன்றாம் வகை, நடுவில் நின்றது. கண் கறுத்து, இறகுமுளை தெரிந்த கரு. நடுவாரத்தில் சாவு இயல்பாகவே குறைவு. அங்கே பல கருக்கள் நின்றிருந்தால் மின்சாரம் போன இரவு, திருப்ப மறந்த நாட்கள், தாய்க்கோழியின் தீனிக் குறை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். திருப்பாத முட்டையில் கரு ஒரு பக்கச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சுச் சவ்வு முழுவதும் விரியாது. வெள்ளைக் கரு உறிஞ்சப்படாமல் முனையில் தேங்கி நிற்கும். முட்டையைத் திருப்புவது சீராகச் சூடேற்றுவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். கருவுக்கு உணவும் மூச்சும் தடையின்றிக் கிடைப்பதும் அதைப் பொறுத்ததுதான்.

நான்காம் வகைதான் மனத்தை உடைப்பது. முழுதாக வளர்ந்து, இறகு முளைத்து, ஓட்டைக் குத்தாமலோ குத்திய பிறகோ இறந்த குஞ்சு. இதில் உடலைக் கூர்ந்து பாருங்கள். சவ்வு காய்ந்து தோலாகி, குஞ்சை இறுக்கிச் சுற்றியிருக்கிறதா? பெட்டி வறண்டிருந்தது. குஞ்சு ஊதி, ஈரம் சொட்ட, காற்றறை சிறுத்துக் கிடக்கிறதா? ஈரம் மிஞ்சி, நீர் வெளியேறாமல் போய்விட்டது. பொரித்தவையும் 22, 23ஆம் நாள் தாமதமாக வந்து, வயிறு பெருத்துத் துவண்டிருந்தால் சூடு போதவில்லை. 19, 20ஆம் நாளே வந்து, தொப்புள் மூடாமல் புண்ணாக இருந்தால் சூடு கூடிவிட்டது.

மலை செய்யும் மூன்று வேலைகள்

பிரிஞ்சாங் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 22, 23 டிகிரி. விடியற்காலையில் 15, 16க்கு இறங்கிவிடும். தேயிலைக்கு உகந்த இந்த மலை, முட்டைப் பெட்டிக்கு மூன்று வகையில் சோதனை வைக்கிறது.

முதலாவது குளிர். சமவெளியில், கிள்ளானில், இரவு 27 டிகிரி இருக்கும் அறையில், பெட்டி பத்து டிகிரி சூடேற்றினால் போதும். இங்கே விடியற்காலையில் 21 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். அதே ஹீட்டருக்கு வேலை இருமடங்கு. நுரைப்பலகையால் செய்த சின்னப் பெட்டியில் நடு முட்டைக்கும் ஓர முட்டைக்கும் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு வந்துவிடலாம். பகலில் நாம் பார்க்கும்போது முள் சரியாகத்தான் நிற்கும். நாம் தூங்கும் வேளையில் அது இறங்கியிருக்கும். துவண்ட, தாமதமான குஞ்சுகளுக்கு இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, யாரும் எதிர்பார்க்காதது: வறட்சி. மூடுபனி சுற்றிலும் மிதக்கிறது, துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயவில்லை, இங்கே எப்படி வறட்சி? காற்று சூடாக ஆக, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடும். 16 டிகிரியில் பனி நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் இருப்பதே சுமார் 13.5 கிராம் நீர்தான். 37.5 டிகிரியில் அதே கனமீட்டரில் சுமார் 45 கிராம் வரை இருக்க முடியும். ஆகவே வெளியே நூறு விழுக்காடு ஈரமாக இருந்த மலைக் காற்று, பெட்டிக்குள் போய்ச் சூடானதும் சுமார் 28 விழுக்காட்டு ஈரம் உள்ள காற்றாகிவிடுகிறது. கிள்ளான் பக்கத்து 28 டிகிரிக் காற்று, 85 விழுக்காட்டு ஈரத்தோடு உள்ளே போனால் ஏறக்குறைய 50 விழுக்காட்டில் நிற்கும். அங்கே தண்ணீர்த் தட்டு பாதி காய்ந்தாலும் முட்டை தப்பிக்கும். இங்கே தட்டு காய்ந்த இரவு, பாலைவன இரவு.

மூன்றாவது, காற்றின் கனம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்த காற்றில் வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறையும். ஓட்டின் துளைகள் வழியே அவை விரைந்து நழுவும். எனவே ஒரே ஓடு, ஒரே ஈரப்பதம் என்றாலும், முட்டையிலிருந்து நீர் இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் வெளியேறும். உயிர்க்காற்றின் அளவும் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அது உள்ளே நுழைவதும் விரைவாக நடப்பதால், அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிறது. முழுவதும் ஈடாகாது. ஆகவே பெட்டியின் காற்றோட்டத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைத்துவிட்டால், கடைசி நாட்களில் குஞ்சு மூச்சுத் திணறும்.

ஹவுஹாவின் கோழிகள்

உயரம் முட்டையைப் பாதிக்கும் என்பதை வரலாறு பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பெரு நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியர், ஆண்டிஸ் மலையில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருந்த ஹவுஹாவைத் தலைநகராக்கினார்கள். அங்கே குதிரை, பன்றி, கோழி எதுவும் பெருகவில்லை என்று முறையீடு எழுந்தது. 1535இல் தலைநகர் கடலோரத்தில் லீமாவுக்கு இறங்கியது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இதன் உள்ளே இருந்த கணக்கை 1970களில் அமெரிக்காவின் பஃபலோவில் ஹெர்மன் ரான் என்ற உடலியல் அறிஞரும் அவருடன் பணியாற்றிய அமோஸ் ஆர், சார்லஸ் பகனெல்லி ஆகியோரும் அளந்து காட்டினார்கள். 60 கிராம் எடையுள்ள ஒரு கோழிமுட்டை 21 நாளில் சுமார் ஆறு லிட்டர் உயிர்க்காற்றை எடுத்துக்கொள்கிறது. நாலரை லிட்டர் கரிக்காற்றையும் பதினோரு லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இவ்வளவு போக்குவரத்து! நீராவி வெளியே போவதும் வீணில்லை. போன நீரின் இடத்தில்தான் காற்றறை பெருக்கிறது. குஞ்சின் முதல் மூச்சு அந்த இடத்தில்தான் நடக்கிறது. நீர் அதிகம் போனால் குஞ்சு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். குறைவாகப் போனால் மூச்சுவிட இடமிருக்காது.

கலிபோர்னியாவின் ஒயிட் மவுண்டனில், 3,800 மீட்டர் உயரத்தில் தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட கோழிகளின் முட்டையோடுகள், சமவெளி முட்டையோடுகளைவிட வாயுக்களைக் குறைவாகவே கடத்தின. அந்தக் கோழிகளை 1,200 மீட்டருக்கு இறக்கியபோது, அவை இட்ட முட்டைகளின் ஓடும் அதற்கேற்ப மாறியது. கோழி தான் வாழும் காற்றுக்கு ஏற்ப ஓட்டை நெய்கிறது என்பதே இதன் பொருள். பிரிஞ்சாங்கில் முட்டை வைக்கிறவர், கீழேயிருந்து வாங்கிவருவதைவிட மலையிலேயே வளரும் கம்பத்துக் கோழியின் முட்டையைத் தேடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். வளைவுச் சாலையின் குலுக்கல் இல்லாதது இன்னொன்று.

இரண்டாம் முறை வைக்கும்போது

மலையின் குளிர் ஓரிடத்தில் நமக்குத் துணை. பொரிப்பகங்கள் முட்டையைச் சேமிக்க 15 முதல் 18 டிகிரி வரை அறையைச் செயற்கையாகக் குளிர்விக்கின்றன. பிரிஞ்சாங்கில் வெயில் படாத சுவரோரம் அதை ஒட்டிய குளிரை இலவசமாகத் தருகிறது. ஒரு வாரத்துக்குள் சேர்ந்த முட்டைகளை, கூர்முனை கீழே இருக்கும்படி அங்கே வையுங்கள். பகலில் சூடேறும் தகரக் கூரையடியில் வைக்காதீர்கள். 21 டிகிரியைத் தாண்டித் தாண்டி இறங்கும் இடத்தில் கரு விழிப்பதும் உறங்குவதுமாக அலைந்து வலுவிழக்கும். பெட்டியில் வைப்பதற்கு முன் சில மணிநேரம் மிதமான சூடுள்ள அறையில் வைத்திருங்கள். குளிர்ந்த முட்டையை நேராகச் சூட்டில் வைத்தால் ஓட்டின் மேல் வியர்த்து, அந்த நீரோடு கிருமி துளைக்குள் நுழையும்.

அடுத்தது வெப்பமானி. அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். கொதிக்கும் நீர் 100 டிகிரி என்று பள்ளியில் படித்ததை இங்கே பயன்படுத்தக் கூடாது. 1,500 மீட்டரில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை நூறாக நினைத்துத் திருத்தினால் வெப்பமானி ஐந்து டிகிரி பொய் சொல்லும். நொறுக்கிய ஐஸ் கலந்த நீரில் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் இதையும் சேர்த்து வைத்து, 38 டிகிரி அருகே ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டிய எல்லையில் துல்லியமாக இருப்பது காய்ச்சல் வெப்பமானிதான். விசிறி உள்ள பெட்டியில் 37.5. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 முதல் 39 வரை. சூடு மேலே ஏறி நிற்பதால்தான் இந்த வேறுபாடு. வெறும் பெட்டியை இரண்டு நாள் ஓட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை எழுந்து எண்ணைப் பாருங்கள். இறங்கியிருந்தால் பெட்டியை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, துளைகளை மறைக்காமல் சுற்றிலும் கம்பளி சுற்றுங்கள்.

ஈரத்துக்கு ஈரமானியைவிட நம்பகமான கருவி சமையலறைத் தராசு. நல்ல முட்டை பதினெட்டாம் நாளுக்குள் தன் எடையில் 12 முதல் 13 விழுக்காடு இழக்க வேண்டும். பன்னிரண்டு முட்டை சேர்த்து 720 கிராம் என்றால், ஆறாம் நாள் 690, பன்னிரண்டாம் நாள் 660, பதினெட்டாம் நாள் 630 என்று நாளுக்கு ஐந்து கிராம் வீதம் இறங்குவதே கணக்கு. வெளிச்சத்தில் பார்த்துக் கழித்த முட்டையின் எடையைத் தொடக்க எடையிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாக இறங்கினால் தண்ணீர்த் தட்டை அகலமாக்குங்கள். ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை. ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதான். இறங்கவில்லை என்றால் தட்டைச் சிறிதாக்குங்கள். தாளில் 50 முதல் 55 விழுக்காடு என்றிருந்தாலும், மெல்லிய காற்றுள்ள இந்த உயரத்தில் 60ஐ ஒட்டி வைத்தால்தான் அதே எடையிழப்பு கிடைக்கும் என்பது என் கணக்கு. ஆனால் கடைசித் தீர்ப்பைத் தராசு சொல்லட்டும். மலை வறட்சி என்று பயந்து கண்மூடித்தனமாக நீரைக் கொட்டினால், காய்ந்து சாகாத குஞ்சு மூழ்கிச் சாகும்.

நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாகத் திருப்பினால் நீண்ட இரவில் அதே பக்கம் மறுபடி மறுபடி கீழே கிடக்காது. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். ஈரத்தை 65, 70க்கு உயர்த்துங்கள். காற்றுத் துளைகளை முழுதும் திறந்துவிட்டு மூடியைச் சாத்துங்கள். அதன் பிறகு ஆசை தாளாமல் திறக்கும் ஒவ்வொரு முறையும், சேர்த்துவைத்த ஈரமெல்லாம் ஒரே நொடியில் வெளிக் குளிருக்குள் போய்விடும். ஓட்டைக் குத்திய குஞ்சின் சவ்வு அந்த நேரத்தில்தான் காய்ந்து இறுகும்.

லயத்து வீடுகளில் அடைக்கோழியை வைத்துப் பொரித்த பாட்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. தாய்க்கோழி வயிற்றில் இறகு உதிர்ந்த வெறுந்தோலை முட்டைமேல் வைத்து உட்காரும். குளிர் கூடினால் இன்னும் பரந்து மூடும். ஓர முட்டையை அலகால் நடுவுக்கு உருட்டும். சுங்கை பாலாஸ் சரிவில் பனி இறங்கும் இரவும் வெயில் அடிக்கும் பகலும் அதற்கு உடம்பிலேயே தெரியும். பெட்டிக்கு அது தெரியாது. கோழிக்குத் தெரிந்ததைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தராசும் வெப்பமானியும் நோட்டுப் புத்தகமும் செய்யும் வேலை.

இரண்டாம் முறையும் சில முட்டைகள் நிற்கும். எல்லா முட்டையும் பொரிக்கும் அடை எங்கும் கிடையாது. நின்றவற்றை உடைத்து, எந்த நாள், எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த முறை எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதை அந்த வரி சொல்லும். இருபதாம் நாள் இரவு மூடியைத் திறக்காமல் பெட்டியில் காதை வைத்துப் பாருங்கள். ஓட்டில் ஒரு கீறல்கூட விழாத முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று மெல்லிய குரல் கேட்கும். தான் இழந்த நீர் விட்டுப்போன இடத்தில், அந்தக் குஞ்சு தன் முதல் மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது.